மதன் மோகன்: கேள்வியும் பதிலும்

'யார் நீ?' படத்தின் 'நானே வருவேன்' இந்தி மெட்டு என்கிறார் என் கணவர். உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

உண்மைதான் அம்மா. 1964இல் வந்த 'வோ கோன் தீ' 1966இல் தமிழுக்கு வந்தபோது இசை வேதா. மெட்டோ இந்தி இசையமைப்பாளர் மதன் மோகனுடையது. 'நைனா பர்சே' இங்கே 'நானே வருவேன்' ஆனது. 'லக் ஜா கலே' 'பொன்மேனி தழுவாமல்' ஆனது. சுசீலா இரண்டையும் அப்படி உருகிப் பாடியதால் அவை நம் பாட்டுகளாகவே தங்கிவிட்டன. இந்தியில் பாடிய லதா மங்கேஷ்கரை நான் கேட்டது பிறகுதான். இப்போது ஒன்றைக் கேட்டால் மற்றதையும் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

'நைனா பர்சே' படப்பிடிப்பின்போது லதாவின் குரல் பதிவாகியிருக்கவில்லை என்பார்கள். மதன் மோகன் தானே பாடிக் கொடுத்த பதிவை ஒலிக்கவிட்டு, ஆண் குரலுக்கு வாயசைத்து நடித்தாராம் நாயகி சாதனா. வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்ததாம்!

மதன் மோகன் பிறந்தது பாக்தாத்தில், 1924இல். தந்தை ராய் பகதூர் சுனிலால் பின்னாளில் பம்பாயில் பிலிமிஸ்தான் ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகன் ராணுவத்தில் சேர்ந்தார், விலகினார், லக்னோ வானொலிக்குப் போனார். அங்கே கேட்ட கஜல் என்ற உருதுக் கவிதைப் பாடல்தான் அவரை உருவாக்கியது என்பது என் உறுதியான எண்ணம். 1950இல் 'ஆங்கேன்' முதல் படம்.

இவ்வளவு பெரிய இசையமைப்பாளருக்கு விருதுகள் கிடைத்தனவா?
- வாசகர், மதுரை

பிலிம்பேர் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 'வோ கோன் தீ' போட்டியில் இருந்த ஆண்டு 'தோஸ்தி' வென்றது. அதுவும் அருமையான இசைதான், ஆனாலும் எனக்கு ஆறவில்லை. 'தஸ்தக்' படத்துக்குத் தேசிய விருது வந்தது. அதில் 'பையா ந தரோ' கேளுங்கள். நம் கச்சேரிகளில் கேட்கும் சாருகேசி ராகம்தான். லதா ஒவ்வொரு ஸ்வரத்தையும் எவ்வளவு மென்மையாகத் தொடுகிறார் பாருங்கள்.

1975 ஜூலையில், 51 வயதில் மறைந்தார். 'மௌசம்', 'லைலா மஜ்னு' இரண்டும் அதன் பிறகே வெளிவந்தன.

'வீர்-ஜாரா' வந்தது 2004. அதற்கு மதன் மோகன் இசை என்று போடுகிறார்களே?
- வாசகர், சேலம்

அவர் போட்டுவைத்துப் பயன்படாமல் கிடந்த மெட்டுகளை மகன் சஞ்சீவ் கோலி பத்திரமாக வைத்திருந்தார். படத்தின் இயக்குநர் யஷ் சோப்ரா அவற்றை எடுத்துக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டிய லதாவே மறுபடி பாடினார். 'தேரே லியே' பாட்டிலிருந்து தொடங்குங்கள்.