அமெரிக்காவில் காணாமல் போனவர்களைத் தேடுவதில் இனப் பாகுபாடு உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். 2021இல் கேபி பெட்டிட்டோ என்ற 22 வயது வெள்ளையினப் பெண்ணை வயோமிங் மாநிலத்தில் தேடியதை உலகமே பார்த்தது. அதே மாநிலத்தில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 710 பழங்குடியினர் காணாமல் போனதாக முறைப்பாடு இருந்தது. அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

செய்தி வெளிச்சம் ஒரு பக்கம். என்னை உறுத்துவது முறைப்பாடு எழுதுகிற மேசை. கறுப்பினப் பிள்ளைகளை 'வீட்டைவிட்டு ஓடியவர்' என்று பதிந்துவிடுகிறார்கள் என்பது அங்கே நெடுநாள் குறை. அப்படிப் பதிந்தால், கடத்தப்பட்ட பிள்ளையைத் தேடும்படி ஊரெங்கும் அறிவிக்கிற 'அம்பர் எச்சரிக்கை' போகாது. அதனால்தான் கலிபோர்னியா 2024இல் கறுப்பின இளையோருக்கென்று 'எபனி எச்சரிக்கை' கொண்டுவந்தது.

இதை வாசித்தபோது பெரியம்மாதான் நினைவுக்கு வந்தார். 1996, யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்குப் போய் நூற்றுக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்ட காலம். பெரியம்மாவின் மகன், என் அண்ணா, மிளகாய்த்தூள் திரிக்கச் சைக்கிளில் போனவர். வழியில் மறித்து இறக்கியதைக் கண்டவர்கள் உண்டு. முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் முதல் கேள்வி, "இயக்கத்தில இருந்தவனா?" என்ன உடுப்பு, எந்தப் பக்கம் போனவன் என்று கேட்கவேயில்லை. அவர்களே சிங்களத்தில் எழுதி, பெரியம்மாவை ஒப்பம் வைக்கச் சொன்னார்கள், வைத்தார். பல வருடம் கழித்து, சிங்களம் தெரிந்த மாஸ்டர் ஒருவர் அந்தத் துண்டை வாசித்தார். மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டதாக இருந்ததாம்.

"பிடிச்சுக்கொண்டு போனவங்கள் எண்டெல்லோ நான் சொன்னனான்" என்றார் பெரியம்மா.

எல்லாம் இனத்தால்தான் என்றும் சொல்லமாட்டேன். 1987-89இல் இலங்கையின் தெற்கில் சிங்கள இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அந்தத் தாய்மாரும் வாசல் வாசலாக அலைந்தவர்கள்தான். ஆனால் தாங்கள் ஒப்பம் வைத்த தாளை அவர்களால் வாசிக்க முடிந்தது.

2025 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் நீதிமன்ற அனுமதியோடு சனத்துக்குக் காட்டினார்கள். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தேடியது நீலக் கோடு போட்ட அரைக்கைச் சட்டை, மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம், அவரே தைத்தது. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். பிறகு திரும்பவும் வரிசையின் தொடக்கத்துக்குப் போனார்.