வாசகர் கேள்வி – பதில்: சம்பளச் சீட்டு இல்லாமல் சொந்த வீடு

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில், மாதச் சம்பளம் வாங்கும் கணவருடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். ஆங்கிலத்திலிருந்தும் கன்னடத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்ப்பதே என் முழுநேரத் தொழில். மாதம் சராசரியாக ஒரு லட்சம் ரூபாய் வருகிறது. 60 லட்சம் ரூபாயில் ஓர் அடுக்ககம் பார்த்து வைத்துவிட்டு வங்கிக்குப் போனால், வருமான வரிக் கணக்கில் ஆண்டு வருமானம் 6 லட்சம் என்றே இருப்பதால் 30 லட்சத்துக்கு மேல் கடன் தர இயலாது என்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வீடு வாங்கவே முடியாதா?

பதில்: வாங்கலாம். ஆனால் நீங்கள் உண்மையில் எவ்வளவு ஈட்டுகிறீர்கள் என்பதைவிட, எவ்வளவு ஈட்டியதாக அரசிடம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதையே வங்கி பார்க்கும். சுயதொழில் செய்பவர்களிடம் வழக்கமாகக் கடைசி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கையும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையிலான வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டு வாங்கி, நிகர வருமானத்தில் ஏறத்தாழப் பாதி தவணைக்குப் போகலாம் என்று வைத்துக்கொண்டு கடன் தொகையை முடிவு செய்கிறார்கள். ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 50,000. அதில் பாதி 25,000. எட்டு சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு அந்தத் தவணை ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய்க் கடனைத்தான் தாங்கும். வங்கியின் கணக்கு சரிதான்.

உங்கள் 6 லட்சம், ஆண்டு வரவான 12 லட்சத்தில் சரிபாதியாக இருப்பதைப் பார்த்தால், உங்கள் ஆடிட்டர், செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் பாதியையே வருமானமாகக் காட்டும் அனுமான வருமான முறையில் (1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு) கணக்குத் தாக்கல் செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அந்தப் பிரிவுக்குரிய தொழில்களின் பட்டியலில் சட்டம், மருத்துவம், பொறியியல், கணக்கியல் போன்றவை இருக்கின்றன. மொழிபெயர்ப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. எந்த அடிப்படையில் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அந்த முறையே பொருந்துமென்றாலும், பாதிக்கு மேல் வருமானம் காட்ட அதில் தடையில்லை. கணினி, இணையம், டிரேடோஸ் அல்லது மெமோக்யூ போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருள், வேலை அறைக்குரிய வாடகைப் பங்கு எல்லாம் கழித்தாலும் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 6 லட்சம் செலவாகிறது என்பதை நம்புவது கடினம்.

வரிக்கு அஞ்சி வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டியதில்லை என்றாகிவிட்ட பிறகு, உங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பழக்கத்தால் கிடைப்பது ஒன்றுமில்லை. செலவு போக உண்மையான வருமானம் 10 லட்சம் என்றால் அதையே காட்டுங்கள். அதே வட்டியில் 48 லட்சம் வரை கடன் வாங்கும் தகுதி வந்துவிடும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களில் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்பதால், 60 லட்சம் வீட்டுக்கு 48 லட்சம்தான் உச்சவரம்பும். மீதி 12 லட்சத்தோடு, முத்திரைத் தீர்வை, அதன் மேல்வரிகள், 2025 ஆகஸ்ட் இறுதியில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாக உயர்ந்த பதிவுக் கட்டணம் என்று இன்னும் நாலரை லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

வரவுகள் எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழட்டும். வெளிநாட்டுப் பணம் வேறொரு வங்கிக் கணக்கில் ஒரு பகுதி, உள்ளூர்ப் பணம் கணவரின் கூகுள் பே எண்ணுக்கு ஒரு பகுதி என்று சிதறிக் கிடந்தால், கடன் அதிகாரி உங்கள் கணக்கு விவரத்தைப் புரட்டும்போது அந்த மாதங்கள் வெறுமையாகத்தான் தெரியும். மொழிபெயர்ப்பு முகமைகள் 45 அல்லது 60 நாள் கழித்துப் பணம் தரும் தொழிலில் இந்த வெறுமை இன்னும் பெரிதாகத் தெரியும். சரியான கணக்கு இரண்டு ஆண்டுகள் தாக்கலாகும் வரை இந்த வீட்டைப் பற்றிய யோசனையைத் தள்ளி வைப்பதே நல்லது. அவசரமென்றால், சம்பளம் வாங்கும் கணவரை இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம்.

கேள்வி: எந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரும் வேலையே இப்போது அதிகம் வருகிறது, சொல்லுக்கான கட்டணமும் குறைந்துகொண்டே போகிறது. இந்த நிலையில் 20 ஆண்டுக் கடன் வாங்கலாமா? (வாசகர், அல்சூர்)

பதில்: ஒருவர் நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 சொற்கள் வரை மொழிபெயர்ப்பதே இத்தொழிலின் வழக்கமான அளவு. சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 2,000 சொற்களை மாதம் 22 நாள் செய்தால் 66,000 ரூபாய். கட்டணம் 75 காசானால் அது 33,000 ஆகிவிடும். எனவே சொற்களைக் கூட்டுவதில் பயனில்லை. பிழை ஏற்பட்டால் வாடிக்கையாளருக்குப் பெரும் இழப்பு வரக்கூடிய வேலைகளை நோக்கி நகர வேண்டும். பெங்களூரில் அதற்குப் பஞ்சமில்லை. மருந்துச் சோதனையில் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருந்தாக வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு விதி. அந்தப் படிவத்தைத் தமிழாக்குவதோடு, தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பதும் தனி வேலை. கன்னடத்தில் எழுதிய கிரயப் பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல் தவிக்கும் தமிழர்களும் இந்த ஊரில் ஏராளம்.

கடனைப் பொறுத்தவரை, குறைந்தது ஆறு மாதத் தவணையைத் தனியே வைத்துவிட்டு இறங்குங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபரிடம் அபராதம் வாங்கக்கூடாது என்பதால், பெரிய வேலைக்குப் பணம் வந்த மாதத்தில் அசலைக் குறைத்துவிடலாம். கடன் தகுதி இருக்கிறது என்பதற்காக அதன் உச்சம் வரை வாங்காதீர்கள்.

கேள்வி: நானும் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பவள்தான். ஹொரமாவில் பி கத்தா (அனுமதியில் குறையுள்ள சொத்துகளுக்கான மாநகராட்சிப் பதிவு) வீடு மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, ஓசூருக்குப் போகலாமா? (வாசகி, கே.ஆர். புரம்)

பதில்: பி கத்தா வீட்டுக்குக் கடன் தரப் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகத் தயங்கும், அதற்கும் கடன் தரும் நிதி நிறுவனங்களில் வட்டி கூடுதலாக இருக்கும் என்பதால், மலிவு என்பது தவணையில் கரைந்துவிடும். ஓசூரில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெங்களூரைவிடச் சற்று அதிகமென்றாலும் ஆவணங்கள் தமிழிலேயே இருக்கும். உங்களுக்கு எங்கிருந்தாலும் ஒன்றுதான். வீட்டில் வேறு யாராவது தினமும் ஒயிட்ஃபீல்டுக்குப் போக வேண்டியிருந்தால், ஒரு வேலைநாள் காலையில் மாநில எல்லையிலுள்ள அத்திபெலே நெரிசலைக் கடந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.