நிற்கிற காரை உப்பு தின்னும்: ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ராமநாதபுரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் தொழிலில் 22 வருஷமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் டிங்கரிங் பட்டறையில் வேலை. நம் கரையோரத்தில் ஸ்போர்ட்ஸ் கார்கள் நிறைய இல்லை. இருப்பவையெல்லாம் வெளிநாட்டுச் சம்பாத்தியத்திலோ படகு, இறால் பண்ணை வருமானத்திலோ ஆசைப்பட்டு வாங்கியவை. இப்போது பலருக்குக் கை இறுக்கம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக ஏற்றியதும் இறாலை நம்பியிருந்தவர்கள் தடுமாறினார்கள். அதிலிருந்து 'வண்டியைத் தள்ளிவிடணும், என்ன விலை சொல்லலாம்' என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வந்த கேள்விகளில் எல்லோருக்கும் உதவுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. என் மச்சான் துபாயில் இருக்கிறார். அவருடைய 2013 பி.எம்.டபிள்யூ. இசட்4, கூரை மடங்கும் வண்டி, எங்கள் வீட்டில் நிற்கிறது. 2020-ல் இரண்டாவது ஓனராக 34 லட்சத்துக்கு வாங்கினார். 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. 32 சொல்கிறோம். ஐந்து மாதமாக ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை.

வ அலைக்கும் ஸலாம் தம்பி. முதலில் அந்த 34-ஐ மறந்துவிடுங்கள். அது உங்கள் மச்சானின் கணக்கு. வாங்க வருகிற பார்ட்டிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

என் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஆள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் வண்டியில் குறை, ஆளே வரவில்லை என்றால் விலையில் குறை. ஐந்து மாதம் போன் வரவில்லை என்றால் உங்கள் விலை சந்தைக்கு வெளியே நிற்கிறது.

சந்தை விலையைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். 2011 முதல் 2015 வரையுள்ள இதே மாடல் விளம்பரங்களைச் சென்னை, கோவை, கொச்சி, பெங்களூர் என்று எட்டு பத்து தேடி ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் தொங்கிக்கொண்டிருப்பவை விற்காத விலை, அவற்றைப் பார்த்து விலை வைக்காதீர்கள். காணாமல் போனவற்றின் நம்பர்களுக்குப் போன் போட்டு, 'என்னிடமும் இதே வண்டி இருக்கிறது, உங்களுக்கு எவ்வளவுக்குப் போனது' என்று மரியாதையாகக் கேளுங்கள். நாலு பேரில் இரண்டு பேராவது சொல்லிவிடுவார்கள். அதுதான் விலை.

கணக்குக்காக அது 27 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இனிக் கழிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் தயாரித்தது. பட்டன், அதாவது டயரின் மேல் வரிப்பள்ளம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை விவரம் தெரிந்தவன் குப்பையாகத்தான் கணக்கிடுவான். இந்த வண்டிக்கு நாலு டயர் ஒரு லட்சம் தாண்டும். பேட்டரி, ஆயில், பிரேக் ஆயில் மாற்ற வேண்டியிருந்தால் அதையும் கழியுங்கள். அப்புறம் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்று. 2013-ல் பதிவானது 15 வருஷம் முடிந்து 2028-ல் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்.சி. சான்று, பசுமை வரி என்று செலவும் அலைச்சலும் இருக்கிறது. வருஷம் நெருங்க நெருங்க வாங்குகிறவன் தயங்குவான். இப்போது விற்றால் கிடைக்கும் விலை 2027-ல் நிச்சயம் கிடைக்காது.

இதற்கு மேல் பேரத்துக்கு ஒரு ஐம்பது அறுபதாயிரம் இடம் விட்டால் போதும். மூன்று லட்சம் ஏற்றிச் சொல்லி, 'பேசிக் குறைத்துக்கொள்ளலாம்' என்று காத்திருப்பது நல்ல காலத்தில் நடக்கும். பணம் இறுகிய காலத்தில் விலையைப் பார்த்ததுமே அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். போன் செய்தால்தானே பேரம் பேச முடியும்?

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய பெரிய கார்களுக்கு, செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 50 சதவீதம் வரை போன வரி 40 ஆனது. புதுசு இறங்கினால் பழசும் இறங்கும். அதற்கு முந்தைய விளம்பரங்களைக் காட்டி யாராவது விலை சொன்னால் நம்பாதீர்கள்.

நிற்கிற வண்டிக்கும் செலவு இருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஓடுகிறது, ரப்பர் காய்கிறது, கூரை மடங்கும் பொறி அசையாமல் கிடக்கிறது. வாரம் ஒருமுறை கூரையைத் திறந்து மூடுங்கள், பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். கையெழுத்துக்கு ஓனர் வேண்டும் என்பதால் மச்சான் ஊருக்கு வரும் மாதத்தை ஒட்டி விற்பனையை வைத்துக்கொண்டால் அலைச்சல் பாதி குறையும்.

பாம்பனிலிருந்து: பாய், ராம்நாடு வண்டி என்றாலே மதுரைக்காரர்கள் 'உப்பு வண்டி' என்று விலையைக் குறைக்கிறார்கள். இது நியாயமா?

பாதி நியாயம் தம்பி. 1914-லிருந்து நின்ற பழைய பாம்பன் ரயில் பாலத்தையே இந்தக் காற்று அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது. காரின் தகரம் எம்மாத்திரம்?

மண்டபம் பக்கம் ஓர் ஆடி டி.டி. வாங்கப் போனேன். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. அவசரத்தில் கீழே படுத்துப் பார்க்காமல் டோக்கன் கொடுத்துவிட்டேன். பட்டறையில் தூக்கியபோது பின்பக்க அடித்தகட்டு மடிப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பெயிண்ட் அப்பளம் மாதிரி நொறுங்கி, செம்மண் தூளாகத் துரு உதிர்ந்தது. முன்பக்கம் அலுமினியம், அதில் துரு இல்லை. ஆனால் இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. போல்ட்டைக் கழற்றப் போனால் தலை முறிந்தது. அந்த வண்டியில் ஒன்றரை லட்சம் நஷ்டப்பட்டேன். அன்றிலிருந்து, மழையாக இருந்தாலும் கீழே சாக்கு விரித்துப் படுத்துப் பார்க்காமல் ஒரு வண்டியும் வாங்கியதில்லை.

உங்கள் வண்டி அப்படி இல்லை என்றால் நிரூபியுங்கள். லிஃப்டில் தூக்கி நிறுத்தி, சேஸிஸ் மடிப்பு, சைலன்சர் மாட்டும் கொக்கி, சஸ்பென்ஷன் போல்ட், பிரேக் பைப் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுங்கள். துரு இருக்கிற இடத்தையும் சேர்த்தே எடுத்து அனுப்புங்கள். நீங்களே காட்டிய துருவுக்குப் பார்ட்டி பத்தாயிரம் குறைப்பான். அவனே கண்டுபிடித்த துருவுக்கு ஒரு லட்சம் குறைப்பான், அல்லது எழுந்து போய்விடுவான். விற்பதற்கு முந்தின வாரம் அடியில் கறுப்புக் கோட்டிங் அடிக்கவே அடிக்காதீர்கள். புதுக் கறுப்பைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம்தான் வரும்.

வண்டி கழுவும் தண்ணீரையும் பாருங்கள். அரிச்சல்முனை வரை ஓட்டிவிட்டு வந்து, நம் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. அடிப்பக்கத்துக்கு மட்டுமாவது காவிரித் தண்ணீர் இரண்டு குடம் செலவழியுங்கள். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுவதா என்று வீட்டில் கேட்பார்கள், அது புரிகிறது. மாதம் ஒருமுறை செய்தாலும் வித்தியாசம் தெரியும்.

ராமேஸ்வரத்திலிருந்து: அண்ணே, விசைப்படகு வைத்திருக்கிறோம். மகனுக்கு வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு மராமத்துக்கு மூன்று லட்சம் வேண்டும். வியாபாரி சந்தை விலையில் இரண்டு லட்சம் குறைத்துக் கேட்கிறார். கொடுத்துவிடவா?

கொடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்களிடம் பணம் இருக்காது என்று வியாபாரிக்கும் தெரியும். அவர் குறைக்கிற இரண்டு லட்சம் உங்கள் அவசரத்துக்கான விலை. உங்கள் வண்டியை வாங்கப் போகிறவர் கோவையிலோ சென்னையிலோ இருக்கிறார், அவருக்குத் தடைக்காலம் கிடையாது. வீட்டில் நகை இருந்தால் மூன்று லட்சத்துக்கு அடகு வையுங்கள். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மூன்று மாதத்துக்கு 9,000 ரூபாய். இரண்டு லட்சத்தையும் ஒன்பதாயிரத்தையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் நிதானமாக வெளியூர்ப் பார்ட்டியைத் தேடி விற்று நகையை மீட்டுவிடலாம். ஆனால் கார் விற்றதும் முதல் வேலையாக மீட்க வேண்டும். அந்தப் பணத்தை வலைக்கும் டீசலுக்கும் திருப்பிவிட்டு நகையை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்டியிலிருந்து: துபாயில் பழைய மஸ்டாங் மலிவாகக் கிடைக்கிறது. ஊருக்குக் கொண்டுவந்து விற்றால் லாபம் கிடைக்குமா காக்கா?

கிடைக்காது. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். இங்கே பழைய கார் இறக்க வலது பக்க ஸ்டியரிங் வேண்டும், தயாரித்து மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும், மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். அதற்கு மேல் வண்டி விலையையே தாண்டும் வரி. இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பரமக்குடியிலிருந்து: பழைய காருக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது, அதை உங்கள் விலையில் கழிப்பேன் என்கிறார் வியாபாரி. பத்து லட்சத்துக்கு 1,80,000 போய்விடுமா?

போகாது. 2025 ஜனவரியில் பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஆனது உண்மை. ஆனால் அது ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி தன் லாபத்துக்கு மட்டும் கட்டுவது. உங்களிடம் பத்துக்கு வாங்கிப் பதினொன்றுக்கு விற்றால் ஒரு லட்சத்துக்கு 18,000. பதிவு இல்லாத நீங்கள் நேரடியாக இன்னொருவருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. இதைச் சொன்ன பிறகும் அவர் 1,80,000 என்றால் வேறு வியாபாரியைப் பாருங்கள். என் தொழில்காரர்களைப் பற்றியே இப்படிச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

தேவிபட்டினத்திலிருந்து: அண்ணே, வண்டியைப் புரோக்கரிடம் விற்று பேர் மாற்றுவதற்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஏழு மாதமாகியும் ஆர்.சி. என் பேரில்தான் இருக்கிறது. வேகமாக ஓட்டியதற்கு எனக்கு அபராதம் வருகிறது.

நாளைக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்கள். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவன் வேகமாக ஓட்டத்தான் வாங்குகிறான். அபராதம் சின்ன விஷயம், யாரையாவது இடித்துவிட்டால் என்ன ஆகும்? ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்ற 14 நாளுக்குள் நீங்களே தெரிவித்திருக்க வேண்டும். விற்ற தேதி, பணம் வந்த வங்கிப் பதிவு, புரோக்கரின் ரசீது எல்லாவற்றையும் இணைத்து எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். ஃபாஸ்டேக்கை உடனே மூடுங்கள்.

இனி விற்கிறவர்களுக்கு: சாவி கொடுக்கும்போது தேதியும் மணியும் போட்டு டெலிவரி நோட் எழுதி, வாங்குகிறவரின் கையெழுத்தையும் லைசென்ஸ் நகலையும் வாங்குங்கள். கிளைம் கேட்காத வருஷங்களுக்காக இன்ஷூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியான உங்கள் நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. சான்று வாங்கி வைத்தால் மூன்று வருஷத்துக்குள் அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஏர்வாடியிலிருந்து: சைலன்சர், இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றும் ரீமேப் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் செலவு செய்திருக்கிறேன். விலையில் சேர்க்கலாமா?

சேர்க்க முடியாது தம்பி. சத்தமான சைலன்சரைப் பார்த்தால் 'வண்டியை அடித்து ஓட்டியிருக்கிறான்' என்றுதான் நினைப்பார்கள். ஒரிஜினல் சைலன்சரை மாட்டி, ரீமேப்பை எடுத்துவிட்டு விற்றுவிடுங்கள். கழற்றியதைத் தனியாக விற்றால் கொஞ்சம் காசு வரும். ரீமேப் இருந்ததை மட்டும் வாங்குகிறவரிடம் மறைக்காதீர்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு சகோதரி: கணவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. அவர் ஆசையாக வைத்திருந்த கார் அவர் பேரிலேயே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் நான் பெண் என்பதால் பாதி விலை கேட்கிறார்கள். ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

லாத்தா, அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்ல இடத்தைத் தருவானாக.

முதலில் பேர் மாற்றுங்கள். ஓனர் இறந்தால் 31-ஆம் படிவம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது, கொஞ்சம் தாமதமாகிவிட்டது. இந்த வாரமே விண்ணப்பம் கொடுங்கள். கடன் பாக்கி இருந்தால் அதை அடைத்து, ஃபைனான்ஸ் கம்பெனியிடம் ஆட்சேபம் இல்லை என்கிற என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்கும் 35-ஆம் படிவமும் வாங்குங்கள். உங்கள் பேருக்கு ஆர்.சி. வந்த பிறகு பேசினாலே பேச்சின் தொனி மாறும்.

விலையை ஒரு தாளில் எழுதி, சர்வீஸ் பில்களோடு வைத்துவிடுங்கள். 'யோசித்துச் சொல்கிறேன்' என்பதற்கு மேல் அவர்களிடம் ஒரு வார்த்தையும் தேவையில்லை. ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் படம் எடுத்துக்கொண்டு, நம் ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஈ.சி.ஆரில் பத்து கிலோமீட்டர், அவ்வளவுதான். ரொக்கம் வேண்டாம். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. பணம் வங்கியில் ஏறியது தெரிந்த பிறகே சாவியைக் கொடுங்கள். பார்க்க வருகிற நாளைச் சொன்னால் நானே வந்து கூட உட்காருகிறேன். கமிஷன் வேண்டாம்.

சாயல்குடியிலிருந்து: எல்லோரும் விற்கிறார்கள் பாய், நான் வாங்கலாம் என்று பார்க்கிறேன். சென்னை வண்டி ஒன்று மலிவாக வருகிறது.

பணத்தைக் கடன் வாங்காமல் புரட்ட முடிந்தால் வாங்குங்கள், இது வாங்குகிறவர்களின் நேரம்தான். ஆனால் சென்னை வண்டி என்றால் 2015, 2023 வெள்ளத்தில் முங்கியதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை அப்படியே நிற்கும். சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் குறை தெரியும், அதனால் காலையில் போங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஏன் முன்னாலேயே ஓட்டி வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அது ஆறும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.