ஐஎல்-6 எலைசா கிட்: இன்றைய கேள்விகள்

அக்கா, டெங்கு நோயாளர் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்) ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதத்தை எலைசா கிட்டில் அளக்கிறேன்; அது இருந்தால் குழியில் நிறம் வரும். ஐஎல்-6 ஒன்றும் விடாத பூச்சியக் குழிகூட நீலமாகிறது. ஏன்?
முதலில் கழுவலைப் பாருங்கள். ஒட்டாமல் மிஞ்சிய எச்ஆர்பி (நிறத்தை வரவைக்கும் நொதி) ஒரு துளி இருந்தாலே, டிஎம்பி என்ற நிறம் தரும் கரைசல் நீலமாகிவிடும். கடைசிக் கழுவலுக்குப் பிறகு பிளேட்டைக் கவிழ்த்து, டிஷ்யூவில் நன்றாகத் தட்டுங்கள். நொதி ஊற்றிய தொட்டியிலேயே டிஎம்பியை ஊற்றினீர்களா? அதுவும் நடக்கிற விசயம்தான்.

அடுத்தது வெப்பநிலை. கிட்டில் "அறை வெப்பநிலை" என்றிருப்பது பெரும்பாலும் 20–25 பாகை. அது எங்கட கொழும்பு அறை இல்லை. ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய் ஏசி நின்றது. டிஎம்பி ஊற்றியாயிற்று, சுவர் வெப்பமானியில் 31. ஸ்டொப் கரைசல் (வினையை நிறுத்தி நீலத்தை மஞ்சளாக்குவது) விட்டபோது பூச்சியக் குழிகளும் மஞ்சளாகின. முழுப் பிளேட்டும் குப்பைக்கு.

இரத்தம் எடுத்து மறுநாள் சீரம் பிரிக்கலாமா?
வேண்டாம். குழாயில் வெள்ளணுக்கள் உயிரோடிருக்கின்றன, அவையே ஐஎல்-6 விடும். அன்றே சீக்கிரம் பிரித்து, சிறு குழாய்களில் பங்கிட்டு −80இல் வையுங்கள்.

வாதநோயாளி ஒருவருக்கு மட்டும் அளவு வானத்தைத் தொடுகிறது.
கிட்டில் ஐஎல்-6ஐ இருபுறமும் பிடிக்க இரண்டு எதிர்ப்பொருள்கள் உண்டு. வாதநோயாளர் இரத்தத்தில் இருக்கக்கூடிய ருமட்டோயிட் காரணி, ஐஎல்-6 இல்லாமலே அவை இரண்டுக்கும் பாலம் போட்டிருக்கலாம். மாதிரியை 2 மடங்கு, 4 மடங்கு ஐதாக்கிப் பாருங்கள். உண்மையான ஐஎல்-6 என்றால் ஐதாக்கிய மடங்கால் பெருக்கிய விடை ஏறக்குறைய ஒன்றாக வரும்.

80 நோயாளர், ஒரே கிட். இரட்டைக் குழி (ஒரே மாதிரியை இரண்டு குழிகளில் விடுவது) கட்டாயமா?
கட்டாயம். பிளேட்டின் 96 குழிகளில் ஸ்டாண்டர்ட் (ஐஎல்-6 அளவு முன்கூட்டியே தெரிந்த கரைசல்) எட்டையும் இரட்டையாகப் போட 16 போகும். மிச்சம் 80, அதாவது 40 பேர்.

(இன்னொருவர்) 40 பேரை வைத்து என்ன ஆய்வு அக்கா? 2022க்குப் பிறகு டொலர் விலையில் ஒரு கிட் வாங்குவதே பெரும்பாடு. ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்துக்கு முன்னால் குழிக்குக் குழி வித்தியாசம் எம்மாத்திரம்?
கணக்கில் தம்பி சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பைப்பெட் நுனியில் ஒரு குமிழி நின்றால், ஒற்றைக் குழியில் அது எப்படித் தெரியும்?

தெரியாதுதான். ஆனால் 40 பேரை விட்டுவிடுவதும் பிழைதானே?
விடமாட்டீர்கள் போல. சரி, குழுக்களை ஒப்பிடும் ஆய்வு, கை பழகியவர் என்றால்: ஸ்டாண்டர்டும் பத்து நோயாளரும் இரட்டை, மற்றவர்கள் ஒற்றை. 16, 20, 60. மொத்தம் 70 பேர். மற்றப் பத்துப் பேருக்கு அடுத்த கிட் வரும்வரை பொறுங்கள். அந்தப் பத்து இரட்டைகளின் விலகலையும் கட்டுரையில் மறைக்காமல் எழுதவேண்டும். கம்பஸில் புதிதாகப் பழகுபவருக்கு இந்தச் சலுகை இல்லை.

வேறு கம்பனிக் கிட்டின் எண்களோடு ஒப்பிடலாமா?
கூடாது. எதிர்ப்பொருளும் வேறு, அளவுகோலும் வேறு.

எனது பூச்சியக் குழியும் நீலம்...
முதல் பதில்.

அப்பாவுக்குக் காய்ச்சல், ஆய்வுக் கிட்டில் பார்த்துத் தருவீர்களா?
அது நோயறியும் கிட் அல்ல. டொக்டரிடம் கூட்டிப்போங்கள்.

கிட் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முதல்நாள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறது, பரவாயில்லையா?
விடுமுறையில் அங்கேயே கிடந்து ஐஸ் உருகலாம், திகதியை மாற்றச் சொல்லுங்கள். முடியாவிட்டால், கையெழுத்துப் போடமுன் பெட்டியைத் திறந்து ஐஸ் பொதியைத் தொட்டுப் பாருங்கள்.

அக்கா, அறை வெப்பநிலை என்றால் ஏசி இல்லாமலும் செய்யலாம்தானே?
தம்பி, மேலே வாசித்தீர்களா? இதை எழுதும்போது என் அறையில் 30.