ஒரே ஒரு குழந்தைக்கான மருந்து

கேள்வி: அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியால் யாருக்காவது பலன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. 2025-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததைப் படித்து நெகிழ்ந்துபோனேன். சிபிஎஸ்1 என்ற கல்லீரல் நொதி சரியாக வேலை செய்யாத மரபணுக் குறைபாட்டோடு பிறந்த குழந்தை. புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை அதன் கல்லீரலால் யூரியாவாக மாற்ற முடியாது. அந்த அம்மோனியா ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். அந்தக் குழந்தையின் மரபணுவில் இருந்த பிழையை மட்டும் திருத்தும் மருந்தை ஆறே மாதத்தில் உருவாக்கி, கொழுப்புத் துகள்களில் அடைத்து ரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். அப்புறம் குழந்தையால் கூடுதல் புரதம் சாப்பிட முடிந்தது. முழுக் குணம் என்று சொல்ல இன்னும் காலம் வேண்டும், சரி. ஆனால் ஒரே குழந்தைக்காக எந்த முதலீட்டாளர் பணம் போடுவார்? இதற்குப் பின்னால் இருந்தது அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் நிதி, அதாவது மக்களின் வரிப்பணம்.