பல்செட்டுக்கு அடியில் சிவந்த அண்ணம்

அம்மா, மேல் அண்ணம் சிவந்து புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, காரம் பட்டால் எரிகிறது என்கிறீர்கள். கூடவே பல சந்தேகங்கள். ஆனால் கடிதம் முழுக்க இருப்பது ஒரே பயம்தான்: புற்றுநோயோ?

சிவப்பு பல்செட் படியும் இடமெங்கும் பரவி, அதன் விளிம்போடு நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோய் பெரும்பாலும் அப்படி வராது. 7 வருடமாக அதே செட்டோடு தூங்குகிறீர்களே, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அண்ணத்துக்குள் நூற்றுக்கணக்கான குட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகள் உண்டு. இராப்பகலாகத் தட்டு அழுத்தினால் அவற்றின் வாய்கள் வீங்கிச் சிவக்கும். எச்சில் ஓடாத அந்த இடுக்கில் கேண்டிடா என்ற பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை இன்றே நிறுத்துங்கள். அதைத் தடவினால் எரிச்சல் அடங்கும், பூஞ்சை வளரும். யாரைக் கேட்டு ஒரு மாதம் தடவினீர்கள்?

இரவில் செட்டைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் அது வளைந்துவிடும். பூஞ்சை மருந்து வேண்டுமா, புது செட் வேண்டுமா என்பதைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். அண்ணத்தின் நடுவில் பல வருடமாக இருக்கும் கல் போன்ற மேடு வெறும் எலும்புதான், அதை விடுங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. அண்ணத்தின் பின்பகுதியில், ஒரு பக்கமாக, வலியே இல்லாமல் ஒரு கட்டி. வலிக்காததால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. செட் சரியாக உட்காரவில்லை என்று அதை ராவிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். குட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் கட்டிகள் அதிகம் தோன்றும் இடம் அண்ணம்தான். அவற்றில் கணிசமானவை புற்று. அதேபோல, செட்டைக் கழற்றி வைத்தும் 2 வாரத்தில் ஆறாத புண். இந்த இரண்டில் எது இருந்தாலும் சதை எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும். சுரப்பிக்கு ரத்தம் போகாமல் சதை அழுகி, பள்ளமாகப் புண் வந்து, சில வாரங்களில் தானே ஆறுவதும் உண்டு. பார்க்க அச்சு அசல் புற்று போலவே இருக்கும். அனுபவமுள்ள மருத்துவர்களே கண்ணால் பார்த்து முடிவு செய்யாத விஷயத்தை, நீங்கள் இணையத்தில் படம் பார்த்து எப்படி முடிவு செய்வீர்கள்?

இன்றிரவு செட்டைக் கழற்றியதும் கையைக் கழுவிக்கொண்டு, அண்ணம் முழுவதும் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தடிப்பாகத் தட்டுப்பட்டால், 2 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.