புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஏஐ மென்பொருளான ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு, புரதத்தை ஆய்வகத்தில் தயாரித்துச் சுத்திகரிக்கும் வேலைக்கு எதிர்காலம் உண்டா?

கேட்டவர் உயிர்த் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று யோசிப்பவராக இருக்க வேண்டும். "இனி எல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடும்" என்று யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். மருந்தாகப் பயன்படும் ஆன்டிபாடி என்ற வகைப் புரதங்களைத் தயாரித்துச் சுத்திகரிப்பதுதான் என் வேலை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

எதிர்காலம் உண்டு, தாராளமாக.

எங்கள் குழுவில் ஒருமுறை ஓர் ஆன்டிபாடி இலக்குப் புரதத்தை அபாரமாகப் பற்றிக்கொண்டது. கணினி சொன்ன வடிவமும், படிகமாக்கி எக்ஸ்ரேயில் பார்த்த வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தோலுக்கடியில் போடும் ஊசி என்றால் ஓரிரு மில்லிலிட்டருக்குள் முழு டோஸும் அடங்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம், சில சமயம் அதற்கு மேலும் செறிவாக்க வேண்டிவரும். நீர்த்த கரைசலில் தெளிவாக இருந்த அதே ஆன்டிபாடி, செறிவு ஏற ஏறத் தேன் மாதிரி கெட்டியானது. குளிரில் வைத்தால் கலங்கியது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன என்று அர்த்தம். அப்படித் திரண்ட புரதத்தை உடம்பு எதிர்க்கத் தொடங்கும் அபாயம் இருப்பதால், அதை யாருக்கும் ஊசியில் ஏற்ற முடியாது.

இலக்கைப் பிடிக்கும் வளையங்களில் தண்ணீரோடு சேராத அமினோ அமிலங்கள் சில வெளியே தெரிந்தன. சிக்கலே அங்குதான். நல்ல பிடிப்பைக் கொடுத்ததும் அவைதான், ஒட்டிக்கொள்ள வைத்ததும் அவைதான். நடுவில் இருந்ததை மாற்றினால் பிடிப்பே போய்விட்டது. ஓரத்தில் இருந்த ஒன்றை மட்டும் மாற்றி, கரைசலை ஹிஸ்டிடின் பஃபருக்கு மாற்றி, ஒட்டுவதைக் குறைக்க ஆர்ஜினின் சேர்த்து, ஒவ்வொரு முறையும் செல்லை வளர்த்து, ஆன்டிபாடியை மட்டும் பிடித்துவைக்கும் புரோட்டீன் ஏ நிரப்பிய சுத்திகரிப்புக் குழாயில் ஏற்றி இறக்கி, திரள் எவ்வளவு என்று அளந்து அளந்துதான் அதைக் காப்பாற்றினோம். வடிவம் சரியாகத் தெரிந்திருந்தும் இவ்வளவு பாடு.

உடனே "கணினிக்காரர்களை மட்டம் தட்டுகிறார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆல்ஃபாஃபோல்டை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். 2024இல் அதை உருவாக்கிய ஹசாபிஸ், ஜம்பர், கணினியில் புதுப் புரதங்களை வடிவமைத்த பேக்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது முழுக்கத் தகும். ஆனால் அந்த மென்பொருள் பாடம் படித்தது எதிலிருந்து? 1971 முதல் புரதத் தரவு வங்கியில் சேர்ந்துவந்த, ஆய்வகத்தில் கண்டறிந்த வடிவங்களிலிருந்து. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் யாரோ ஒருவர் குளிர் அறையில் நின்று புரதத்தைச் சுத்திகரித்திருக்கிறார்.

அந்த ஒருவரின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் எங்கே இருக்கும்? பல நேரம் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் மாதக்கணக்கில் தயாரித்துக் கொடுத்த புரதத்தை வைத்து வந்த ஒரு கட்டுரையில், "புரதம் வழங்கியதற்கு நன்றி" என்ற ஒரு வரியோடு என்னை முடித்துவிட்டார்கள். படம் வரைந்தவர் ஆசிரியர் பட்டியலில் இருந்தார். இன்றுவரை அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது கணினி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஆன்டிபாடிகளின் அமினோ அமில வரிசைகளை எழுதித் தள்ளுகிறது. அவற்றில் எது செல்லில் விளையும், எது கரைந்தே இருக்கும், எது உண்மையில் இலக்கைப் பிடிக்கும் என்று யாராவது செய்து பார்த்துத்தான் ஆக வேண்டும். எங்களுக்கு வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. பைத்தான் நிரல் மொழி கற்றுக்கொள்ளுங்கள், நல்லது. கூடவே ஆன்டிபாடி தயாரிக்கப் பயன்படும் சைனீஸ் ஹாம்ஸ்டர் செல் வளர்ப்பு, புரதத்தைப் பிரித்துச் சுத்திகரிக்கும் குரோமடோகிராஃபி, திரளை அளக்கும் முறைகள் இவற்றில் கை பழகிய ஓர் ஆய்வகத்தில் சேருங்கள். அப்புறம், சேரும் முன்பே கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.